பள்ளியில் மார்க் குறைவு, கம்யூனிட்டி காலேஜில் சேரலாமா? கலிஃபோர்னியா தமிழ்க் குடும்பங்கள் கேட்கும் கேள்விகள்

மார்ச் மாதம் யு.சி. (யுனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா) சேர்க்கை முடிவுகள் வந்ததும் ஃப்ரீமான்ட், குப்பர்டினோ, சான் ரமோன் பக்கம் சில வீடுகளில் இனிப்புக் கொடுப்பார்கள், சில வீடுகளில் யாரும் போனை எடுக்க மாட்டார்கள். இது இரண்டாவது வகை வீடுகளுக்கு. பள்ளி ஜி.பி.ஏ., அதாவது 4.0க்குக் கணக்கிடும் சராசரி மதிப்பெண், 2.3, 2.6 என்று நின்றுவிட்ட பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் இரண்டு வருட அரசுக் கல்லூரியான கம்யூனிட்டி காலேஜைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். கலிஃபோர்னியாவை வைத்துத்தான் பதில்கள். மற்ற மாநிலங்களைப் பற்றிக் கடைசிப் பக்கம் கொஞ்சம் உண்டு.

ஜி.பி.ஏ. 2.1தான் இருக்கிறது. சேர்த்துக்கொள்வார்களா?

சேர்த்துக்கொள்வார்கள். பள்ளிப் படிப்பை முடித்திருந்தால் போதும். முடிக்காவிட்டாலும் 18 வயது ஆகியிருந்தால் சேரலாம். நுழைவுத் தேர்வு கிடையாது, கட்டுரை கிடையாது, சிபாரிசுக் கடிதம் கிடையாது. இணையத்தில் விண்ணப்பிக்கலாம், அதற்குக் கட்டணமும் இல்லை.

இதை ஏதோ இரக்கப்பட்டுத் தருகிற இடம் என்று நினைக்க வேண்டாம். 1960இல் கலிஃபோர்னியா தன் உயர்கல்விக்கு ஒரு பெருந்திட்டம் வகுத்தது. பள்ளி முடிப்பவர்களில் முதல் எட்டில் ஒரு பங்கினருக்கு யு.சி., முதல் மூன்றில் ஒரு பங்கினருக்கு கால் ஸ்டேட் (மாநிலத்தின் இன்னொரு பல்கலைக்கழக அமைப்பு), எல்லோருக்கும் கம்யூனிட்டி காலேஜ், அங்கிருந்து மேலே போக வழி என்று பிரித்தார்கள். அந்த ஏற்பாடு இன்றும் ஓடுகிறது. மாநிலம் முழுக்க 116 கல்லூரிகள் இருக்கின்றன. உங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் ஒன்று இருக்க வாய்ப்பு அதிகம்.

யாரை வேண்டுமானாலும் சேர்க்கிறார்கள் என்றால் தரம் எப்படி இருக்கும்?

நம் ஊர்க் கணக்கில் வருகிற சந்தேகம் இது. சீட் கிடைப்பது கஷ்டமாக இருந்தால்தான் நல்ல கல்லூரி என்று பழகிவிட்டோம்.

இங்கே கணிதம், வேதியியல், ஆங்கிலம் போன்ற பாடங்களை நடத்துபவருக்குப் பொதுவாக அந்தப் பாடத்திலோ அதை ஒட்டிய பாடத்திலோ குறைந்தது முதுகலைப் பட்டமாவது இருக்க வேண்டும். பெரிய பல்கலைக்கழகத்தில் முதலாண்டு கால்குலஸ் வகுப்பில் சில நூறு பேர் உட்கார்ந்திருப்பார்கள், சந்தேகத்தை ஆராய்ச்சி மாணவர் ஒருவரிடம்தான் கேட்க முடியும். இங்கே பெரும்பாலும் முப்பது, நாற்பது பேர் இருப்பார்கள், பாடம் நடத்தியவரையே கேட்கலாம். பள்ளியில் தடுமாறிய பிள்ளைக்கு இது பெரிய உதவி.

கிரெய்க் வென்டரைச் சொல்லலாம். மனித மரபணுத் தொகுதியைப் படித்தறியும் பந்தயத்தில் அரசுத் திட்டத்தோடு போட்டி போட்டு, 2000ஆம் ஆண்டு வெள்ளை மாளிகையில் அறிவிப்பு வந்தபோது முன்வரிசையில் நின்றவர். மில்பிரே ஊர் உயர்நிலைப் பள்ளியில் அவர் படித்த லட்சணத்தைச் சொன்னால் எந்த அப்பாவுக்கும் ரத்தம் கொதிக்கும். கடற்படையில் சேர்ந்து வியட்நாம் போய்த் திரும்பிய பிறகு காலேஜ் ஆஃப் சான் மட்டேயோவில் படிப்பைத் தொடங்கி, அங்கிருந்து யு.சி. சான் டியேகோ போனார். நடிகர் டாம் ஹாங்க்ஸ் ஹேவர்டில் உள்ள ஷபோ கல்லூரியில் படித்தவர். தன் மதிப்பெண்கள் சுமார்தான் என்று அவரே எழுதியிருக்கிறார். இவர்களைப் போல் எல்லோரும் ஆகிவிடுவார்கள் என்று சொல்ல வரவில்லை. இடத்தின் மேல் குற்றம் இல்லை, அவ்வளவுதான்.

பள்ளி மதிப்பெண் பிற்பாடு துரத்துமா?

கம்யூனிட்டி காலேஜிலிருந்து மூன்றாம் ஆண்டுக்கு மாறி வரும் டிரான்ஸ்ஃபர் மாணவரை யு.சி.யும் கால் ஸ்டேட்டும் சேர்க்கும்போது கல்லூரி மதிப்பெண்ணைத்தான் பார்க்கும். ஒன்பதாம் வகுப்பு ஜியாமெட்ரியில் வாங்கிய டி அங்கே எடுபடாது. யு.எஸ்.சி., ஸ்டான்ஃபோர்ட் போன்ற தனியார் பல்கலைக்கழகங்கள் டிரான்ஸ்ஃபர் மாணவரிடமும் பள்ளிச் சான்றைக் கேட்கும். அந்த ஆசை இருந்தால் இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

கல்லூரிக்குள் ஒரே ஓர் இடத்தில் பள்ளி ஜி.பி.ஏ. தலைகாட்டும். எந்த ஆங்கில வகுப்பு, எந்தக் கணித வகுப்பு என்று முடிவு செய்யும்போது. முன்பெல்லாம் ஒரு தேர்வு வைத்து, மார்க் குறைந்தால் ஒரு வருடம், இரண்டு வருடம் அடிப்படை வகுப்புகளில் உட்கார வைத்துவிடுவார்கள். பலர் அதிலேயே சலித்துப்போய் நின்றார்கள். 2017இல் வந்த ஏ.பி. 705 என்ற சட்டம் அதை மாற்றியது. இப்போது பெரும்பாலும் டிரான்ஸ்ஃபருக்குச் செல்லுபடியாகும் வகுப்பிலேயே நேராகப் போடுகிறார்கள். ஜி.பி.ஏ. குறைவாக இருந்தால் கூடவே ஒரு துணை வகுப்பு எடுக்கச் சொல்வார்கள். அதை அவமானமாக நினைத்துத் தட்டிக் கழிக்காதீர்கள். வாரத்தில் ஓரிரு மணி நேரம் கூடுதலாகப் போகும், அவ்வளவுதான்.

பலர் கோட்டை விடுகிற விஷயம் வேறு. பள்ளியில் படிக்கும்போதே டூயல் என்ரோல்மென்ட் என்று கம்யூனிட்டி காலேஜ் வகுப்பு எடுத்திருந்தால் அது கல்லூரிக் கணக்கில் ஏற்கெனவே ஏறிவிட்டது. பதினோராம் வகுப்பு கோடையில் ‘சும்மா எடுத்துப் பார்’ என்று சேர்த்துவிட்ட சைக்காலஜியில் டி வாங்கியிருந்தால், யு.சி. அதையும் சேர்த்துத்தான் கூட்டும். கல்லூரிச் சான்றை இப்போதே எடுத்துப் பாருங்கள்.

நல்ல செய்தியும் உண்டு. பள்ளியில் அட்வான்ஸ்ட் ப்ளேஸ்மென்ட் என்ற கல்லூரித் தர வகுப்பில் சி வாங்கியிருந்தாலும் மே மாதத் தேர்வில் 3 அல்லது அதற்கு மேல் எடுத்திருந்தால் யு.சி. அதற்கு யூனிட், அதாவது கல்லூரிப் பாடக் கணக்கு, தரும்.

டிரான்ஸ்ஃபர் எப்படி நடக்கிறது?

இரண்டு வருடப் பாடத்தை இங்கே முடித்து, மூன்றாம் ஆண்டில் பல்கலைக்கழகத்துக்குள் போவது. கணக்கு 60 செமஸ்டர் யூனிட். டி ஆன்சா, ஃபுட்ஹில் கல்லூரிகள் குவார்ட்டர் முறையில் இயங்குவதால் அங்கே அது 90. கலிஃபோர்னியாவில் குடியிருக்கும் உள்ளூர் மாணவருக்கு யு.சி. கேட்கும் குறைந்தபட்ச ஜி.பி.ஏ. 2.4. ஆனால் இது விண்ணப்பிக்கத்தான். பெர்க்லி, யு.சி.எல்.ஏ. போன்ற இடங்களில் உண்மையில் இடம் பெறுகிறவர்களின் ஜி.பி.ஏ. இதைவிட வெகு மேலே இருக்கும்.

டேக் என்ற உத்தரவாத ஏற்பாடு ஒன்று இருக்கிறது. டேவிஸ், அர்வைன், மெர்செட், ரிவர்சைட், சான்ட்டா பார்பரா, சான்ட்டா க்ரூஸ் ஆகிய ஆறு யு.சி. வளாகங்கள், தாங்கள் கேட்கும் பாடங்களையும் ஜி.பி.ஏ.யையும் காட்டினால் இடம் உறுதி என்று எழுத்தில் தருகின்றன. ஒரு வளாகத்துக்குத்தான் போட முடியும். செப்டம்பர் மாதத்தில் விண்ணப்பிக்க வேண்டும், அப்போது 30 செமஸ்டர் யூனிட் கையில் இருக்க வேண்டும். பெர்க்லி, யு.சி.எல்.ஏ., சான் டியேகோ மூன்றிலும் டேக் இல்லை. கால் ஸ்டேட்டுக்கு ஏ.டி.டி. என்ற டிரான்ஸ்ஃபர் பட்டம் இருக்கிறது. அதை முடித்தால் கால் ஸ்டேட் அமைப்புக்குள் இடம் நிச்சயம், ஆனால் நீங்கள் கேட்கிற வளாகத்திலேயே கிடைக்கும் என்று நிச்சயம் கிடையாது.

யு.சி.எல்.ஏ.க்குப் பள்ளியிலிருந்து நேராக விண்ணப்பிப்பவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் குறைவாகத்தான் இடம் கிடைக்கிறது. டிரான்ஸ்ஃபரில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்குக் கிடைக்கிறது. அப்படிப் போகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜ் மாணவர்கள்.

எந்தப் பாடம் எதற்குச் செல்லும் என்பதை அசிஸ்ட் டாட் ஆர்க் என்ற தளத்தில் பார்க்க வேண்டும். கல்லூரி, பல்கலைக்கழகம், மேஜர் (முதன்மைப் பாடம்) மூன்றையும் தேர்ந்தெடுத்தால் ஒரு பக்கம் திறக்கும். இடப்பக்கம் பல்கலைக்கழகப் பாடம், வலப்பக்கம் அதற்கு ஈடான உங்கள் கல்லூரிப் பாடம். சில வரிகளில் வலப்பக்கம் ‘ஈடான பாடம் இல்லை’ என்று இருக்கும். அந்த வரிகளைத்தான் உற்றுப் பார்க்க வேண்டும். அது கட்டாயப் பாடமாக இருந்தால் பக்கத்துக் கல்லூரியில் எடுக்க வேண்டியிருக்கும், அதை இரண்டாம் வருடக் கடைசியில் கண்டுபிடித்தால் ஒரு வருடம் போய்விடும். மாமா பையன் போன பாதை என்று கண்ணை மூடிக்கொண்டு போகாதீர்கள். வளாகம் மாறினால் பாடமும் மாறும்.

அப்படியானால் இரண்டு வருடத்தில் யு.சி. போய்விடலாம், சரிதானே?

போகலாம். ஆனால் பெரும்பாலானவர்கள் போவதில்லை. மாநிலத் தணிக்கை அலுவலகம் 2024இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. டிரான்ஸ்ஃபர் ஆக வேண்டும் என்ற எண்ணத்தோடு 2017 முதல் 2019 வரை சேர்ந்த மாணவர்களில், நாலு வருடத்துக்குள் டிரான்ஸ்ஃபர் ஆனவர்கள் ஐந்தில் ஒருவர்தான்.

வாட்ஸ்ஆப் குழுக்களில் இந்தச் செய்தி வராது. பெர்க்லி போன பிள்ளையின் படம்தான் வரும். உள்ளே போவது சுலபம், வெளியே வருவதுதான் கஷ்டம். வேலை பார்த்துக்கொண்டு படிப்பவர்கள், குழந்தை வளர்ப்பவர்கள் எல்லாம் அந்தக் கணக்கில் இருக்கிறார்கள், உங்கள் பிள்ளையின் நிலைமை வேறாக இருக்கலாம். ஆனால் வீட்டில் சோறு, தனி அறை, கார் எல்லாம் இருந்தும் நின்றுபோகிற பிள்ளைகளும் உண்டு. பள்ளியில் மணி அடிக்கும், டீச்சர் அம்மாவுக்கு மின்னஞ்சல் அனுப்புவார். இங்கே வகுப்புக்குப் போகாவிட்டால் ஏன் வரவில்லை என்று யாரும் வீட்டுக்குக் கேட்டு எழுதப் போவதில்லை.

பள்ளியில் மார்க் ஏன் குறைந்தது என்ற கேள்விக்குப் பதில் தெரியாமல் கல்லூரி மாற்றினால் மட்டும் மார்க் ஏறிவிடாது. தூக்கமா, கேமா, மனச்சோர்வா, கணிதத்தில் எட்டாம் வகுப்பிலேயே விட்டுப்போன ஏதோ ஒன்றா? கத்தாமல் உட்கார்ந்து பேச வேண்டிய பேச்சு இது.

முதல் செமஸ்டரில் என்ன எடுப்பது?

குறைவாக எடுங்கள். இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்.

ஒரு யூனிட் என்றால் வாரத்துக்கு சுமார் மூன்று மணி நேர வேலை. ஒரு மணி வகுப்பில், இரண்டு மணி வீட்டில். முழுநேர மாணவருக்குக் குறைந்தபட்சம் 12 யூனிட், அதாவது வாரம் 36 மணி நேரம். ‘பள்ளியில் விட்டதை இங்கே பிடிக்கிறேன்’ என்று ரோஷத்தில் கால்குலஸ், வேதியியல், ப்ரோகிராமிங், ஆங்கிலம் என்று 17 யூனிட் போட்டுக்கொண்டு நவம்பரில் இரண்டை விட்டு, மிச்சத்தில் சி வாங்குவதுதான் வழக்கமாக நடப்பது. அந்த சி அழியாது. 60 யூனிட்டுக்குள் ஜி.பி.ஏ.யைத் தூக்க வேண்டும் என்பதால் ஆரம்பத்தில் விழுகிற ஒவ்வொரு சி-யும் கடைசி வரை இழுக்கும்.

என் யோசனை: ஆங்கிலம் ஒன்று, கணிதம் ஒன்று, பிள்ளைக்கு உண்மையிலேயே பிடித்த பாடம் ஒன்று. மீதி யூனிட்டுக்கு, எப்படிப் படிப்பது என்று சொல்லித்தருகிற கவுன்சிலிங் வகுப்பு. அதற்கும் பல கல்லூரிகளில் டிரான்ஸ்ஃபர் யூனிட் கிடைக்கும். ஆன்லைன் வகுப்பு முதல் செமஸ்டரில் வேண்டாம். தானாக எழுந்து படிக்கிற பழக்கம் இருந்திருந்தால் இந்தப் பக்கத்தை நீங்கள் படிக்கவே வேண்டியிருந்திருக்காது.

இந்த வேகத்தில் போனால் டேக் கேட்கும் 30 யூனிட் முதல் வருடத்தில் சேராதே என்பீர்கள். கோடையில் ஆறு யூனிட் எடுத்தால் சேர்ந்துவிடும். இல்லாவிட்டால் மூன்று வருடம் ஆகட்டும். மூன்று வருடத்தில் 3.6 வாங்கிப் போகிறவருக்கு, இரண்டு வருடத்தில் 2.7 வாங்கியவரைவிட நல்ல இடம் கிடைக்கும்.

வகுப்பு கைமீறிப் போனால்?

தேதிகளைப் பாருங்கள். தொடக்க வாரங்களில் விட்டால் சான்றில் சுவடே இருக்காது. அதற்குப் பிறகு, செமஸ்டரில் முக்கால் பங்கு தாண்டுவதற்குள் விட்டால் சான்றில் டபிள்யூ (பாதியில் விலகியவர்) என்று விழும். ஒன்றிரண்டு டபிள்யூவால் குடி முழுகாது, எஃப்-ஐவிட அது எவ்வளவோ மேல். டி, எஃப் வந்த பாடத்தைத் திரும்ப எடுக்கலாம், புது மதிப்பெண் கணக்கில் வரும். சி வந்த பாடத்தை மார்க் ஏற்றுவதற்காகத் திரும்ப எடுக்க விட மாட்டார்கள். அதனால் சில சமயம் சி-யைவிட டபிள்யூவே நல்லது. கவுன்சிலரைக் கேட்டு முடிவெடுங்கள்.

இரண்டு செமஸ்டர் தொடர்ந்து 2.0க்குக் கீழே போனால், வகுப்புக்கு முன்னதாகப் பதிவு செய்யும் உரிமையும் கட்டண விலக்கும் போய்விடும்.

மார்க்கை நான் எந்த வலைத்தளத்தில் பார்ப்பது? அப்பா நான்தானே பணம் கட்டுகிறேன்?

பொதுவாகப் பார்க்க முடியாது. ஃபெர்பா என்ற மத்தியச் சட்டப்படி, கல்லூரியில் சேர்ந்த அன்றைக்கே, வயது 17 ஆக இருந்தாலும், அந்த உரிமை மாணவருடையது. பேராசிரியருக்கு நீங்கள் மின்னஞ்சல் எழுதினால் ‘இதுபற்றிப் பேச எனக்கு அனுமதி இல்லை’ என்று மரியாதையாக ஒரு வரி வரும். பிள்ளையின் கடவுச்சொல்லைக் கேட்டு வாங்கி கான்வாஸ் என்ற வகுப்புத் தளத்துக்குள் போகிற பெற்றோர் உண்டு. வீட்டில் நம்பிக்கை போகும், பிள்ளை வேறு வழியில் மறைக்கக் கற்றுக்கொள்ளும். வாரத்துக்கு ஒரு நாள், சாப்பிடும் நேரமாக இல்லாமல் பார்த்து, பிள்ளையே கான்வாஸைத் திறந்து காட்டுவது என்று பேசி வைத்துக்கொள்ளலாம்.

பள்ளியில் ஏ.டி.எச்.டி. என்ற கவனக் குறைபாட்டுக்காகத் தேர்வில் கூடுதல் நேரம் கொடுத்தார்கள். இங்கே?

கிடைக்கும், ஆனால் தானாக வராது. பள்ளியின் ஐ.இ.பி. என்ற சிறப்புக் கல்வித் திட்டம் கல்லூரி வாசலோடு முடிந்துவிடும். கல்லூரியின் டி.எஸ்.பி.எஸ். என்ற மாற்றுத்திறன் மாணவர் உதவி அலுவலகத்தில் பிள்ளையே ஆவணங்களோடு பதிவு செய்ய வேண்டும். செமஸ்டர் தொடங்குவதற்கு முன்பே செய்யுங்கள். சான்றிதழில் இது எங்கும் அச்சாகாது. ‘வெளியே தெரிந்துவிடும்’ என்று நம்மவர்கள் இதைத் தவிர்ப்பது வீண் பயம்.

செலவு?

உள்ளூர் மாணவருக்கு யூனிட் 46 டாலர். 12 யூனிட்டுக்கு 552. இதற்கு மேல் சில்லறைக் கட்டணங்களும் புத்தகமும். யு.சி.யில் படிப்புக் கட்டணம் மட்டுமே ஆண்டுக்கு 14,000 டாலருக்கு மேல். முதல்முறை முழுநேரமாகச் சேர்பவருக்குப் பல கல்லூரிகள் இரண்டு வருடம் இந்த 46 டாலரையும் தள்ளுபடி செய்கின்றன. வருமானம் அதிகம் என்று நீங்களே முடிவு கட்டாமல் ஃபாஃப்சா என்ற மத்திய நிதியுதவி விண்ணப்பத்தை நிரப்புங்கள்.

நாங்கள் எச்-1பி வேலை விசா, மகள் எங்களைச் சார்ந்த எச்-4 விசா. இதெல்லாம் அவளுக்கும் உண்டா?

சேரலாம். கலிஃபோர்னியாவில் ஒரு வருடத்துக்கு மேல் குடியிருந்திருந்தால் எச்-4 பிள்ளைகள் உள்ளூர்க் கட்டணத்துக்குத் தகுதி பெற முடியும். மத்திய அரசின் நிதியுதவி கிடையாது. பெரிய சிக்கல் 21 வயது. அன்றோடு எச்-4 முடியும், அதற்குள் எஃப்-1 (மாணவர் விசா) போன்ற வேறு விசாவுக்கு மாற வேண்டும். மாறினால் கட்டணக் கணக்கும் மாறக்கூடும். மூன்று வருடம் நிதானமாகப் படிக்கட்டும் என்று மேலே நான் சொன்னதை உங்கள் வீட்டில் இந்தத் தேதியோடு சேர்த்து யோசிக்க வேண்டும். 20 வயதிலேயே ஒரு குடியேற்ற வழக்கறிஞரைப் பாருங்கள்.

கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்குமா?

கிடைக்கும் இடங்கள் உண்டு, ஆனால் டிரான்ஸ்ஃபரிலும் அதுதான் மிக நெருக்கடியான வரிசை. சான்ட்டா பார்பராவில் அது பொறியியல் கல்லூரியில் இருக்கிறது, அந்தக் கல்லூரிக்கு டேக் கிடையாது. சான் ஹோசே ஸ்டேட்டிலும் போட்டி கடுமை. கணிதத்தில் தடுமாறிய பிள்ளையை இதில் தள்ளுமுன் ஒரு ப்ரோகிராமிங் வகுப்பையும் ஒரு கால்குலஸையும் முடிக்கட்டும். புள்ளியியல், புவித் தகவலியல், அறிவாற்றல் அறிவியல் என்று பக்கத்துக் கதவுகள் பல இருக்கின்றன.

பட்டப் படிப்பே வேண்டாம் என்கிறான்.

அதற்கும் இதே கல்லூரிதான். இரண்டு வருட நர்சிங் முடித்தவரும் நாலு வருடம் படித்தவரும் ஒரே உரிமத் தேர்வைத்தான் எழுதுகிறார்கள். ஆனால் நர்சிங்கில் இடம் கிடைப்பது எளிதில்லை. பல் சுகாதாரம், எக்ஸ்ரே, வாகனப் பழுது என்று தொழில் படிப்புகள் ஏராளம்.

ஊரில் தாத்தா பாட்டியிடம் என்ன சொல்வது?

பாலிடெக்னிக் டிப்ளமோ முடித்து லேட்டரல் என்ட்ரியில் பி.இ. இரண்டாம் வருடம் சேர்கிற மாதிரி என்று சொல்லுங்கள், சட்டென்று புரியும். கடைசியில் கையில் வருகிற யு.சி. பட்டத்தில் எங்கே தொடங்கினாய் என்று எழுதியிருக்காது. கோயிலில் பார்த்து ‘பையன் எந்த காலேஜ்?’ என்று கேட்பவர்களிடம் காலேஜ் பெயரை நேராகச் சொல்லிவிடுவது நல்லது. பெற்றவர் மழுப்பினால் பக்கத்தில் நிற்கிற பிள்ளைக்குத்தான் முதலில் வலிக்கும்.

நாங்கள் வேறு மாநிலம்.

ஃப்ளோரிடாவில் கல்லூரியில் ஏ.ஏ. என்ற இரண்டு வருடப் பட்டம் முடித்தவருக்கு மாநிலப் பல்கலைக்கழக அமைப்பில் இடம் உறுதி. வடக்கு வர்ஜீனியாவில் நோவா என்ற கம்யூனிட்டி காலேஜிலிருந்து ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்துக்கு அட்வான்ஸ் என்ற நேர்பாதை உண்டு. உங்கள் மாநிலக் கல்லூரித் தளத்தில் ‘டிரான்ஸ்ஃபர் ஒப்பந்தம்’ என்று தேடுங்கள்.

வகுப்புகள் எல்லாம் நிரம்பிவிட்டன என்று காட்டுகிறது. அடுத்த செமஸ்டர் வரை காத்திருக்கவா?

காத்திருக்க வேண்டாம். புது மாணவருக்குப் பதிவுத் தேதி கடைசியில்தான் வரும். ஓரியன்டேஷனையும் கல்வித் திட்டத்தையும் முன்கூட்டியே முடித்தவருக்குக் கொஞ்சம் முன்னால் வரும். எப்படியும் வெயிட்லிஸ்டில் பெயரைப் போட்டுவிட்டு முதல் நாள் வகுப்புக்கு நேரில் போகச் சொல்லுங்கள். பதிவு செய்துவிட்டு வராதவர்களின் பெயரைப் பேராசிரியர் நீக்குவார், வந்து நிற்பவர்களுக்கு ஆட் கோட் என்று ஓர் எண் தருவார். அதற்குக் கெடு தேதி உண்டு, அன்றைக்கே உள்ளே போய்ப் போட்டுவிட வேண்டும்.